சட்டக் கல்விக்கு நீண்டகால ஆயத்தம்

சிங்கப்பூரின் வடமேற்கே சுவா சூ காங் என்னும் வட்டாரம் உள்ளது. முற்காலத்தில் மிளகும் காம்பியரும், பின்னர் இரப்பரும் விளைந்த மண் அது. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள் நிறைந்துள்ளன. 1990இல் விரைவு ரயிலும் வந்து சேர்ந்தது. அங்குள்ள லாட் ஒன் வணிக வளாகத்தில் ஒரு பொது நூலகம் இயங்குகிறது. சட்டம் பயில விரும்பும் பிள்ளைக்கு இத்தகைய நூலகமே முதற்பள்ளி என்போம். காரணத்தை இப்பாடத்தில் ஆராய்வோம்.

வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வீட்டைக் காலி செய்யக் கோரும் கடிதம் ஆகிய யாவும் சட்டம் சார்ந்தவை. அவற்றைப் படித்துப் பொருளுணராமல் கையொப்பமிட்டுப் பின்னர் வருந்துவோர் நம்மிடையே உண்டு. ஆகவே நம் வீட்டில் ஒருவர் சட்டம் பயில்வது நம் அனைவருக்கும் பாதுகாப்பாகும்.

சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் சட்டத்துறை தோன்றியது. கோலாலம்பூரில் சட்டப்புலம் அமைந்தது 1972இல்தான். சிங்கப்பூரில் 1963இல் சட்டப்பட்டம் பெற்ற எஸ். ஜெயக்குமார், 1974 முதல் 1980 வரை சிங்கப்பூர்ச் சட்டப்புலத்தின் தலைவராகவும், 1988 முதல் 2008 வரை சட்ட அமைச்சராகவும் விளங்கினார்.

இன்று சிங்கப்பூரில் சட்டம் பயில, பள்ளித் தேர்ச்சி மட்டும் போதாது. தேசியப் பல்கலைக்கழகம் எழுத்துத் தேர்வும் நேர்காணலும் நடத்துகிறது. 2017இல் தொடங்கிய சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் சட்டப்பள்ளி, இங்கிலாந்தில் உருவான எல்நாட் தேர்வைக் கேட்கிறது. அதில் 12 பகுதிகளைப் படித்து 42 வினாக்களுக்கு 95 நிமிடங்களில் விடையளிக்க வேண்டும். பின்னர் 40 நிமிடங்களில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். யாவும் ஆங்கிலத்தில் அமையும். ஆனால் சட்ட அறிவு சிறிதும் கேட்கப்படுவதில்லை. படித்ததைப் புரிந்து, வாதத்தின் நிறைகுறைகளைக் காணும் ஆற்றலே சோதிக்கப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். “மழை பெய்தால் மரம் சீவுவதில்லை. இன்று மரம் சீவவில்லை. ஆகவே இன்று மழை பெய்தது.” இம்முடிவு சரியா? சரியன்று. இன்று விடுமுறையாக இருக்கலாம். மரங்கள் இலையுதிர்க்கும் காலமாகவும் இருக்கலாம். இவ்வாறு எண்ணிப் பார்ப்பதே அத்தேர்வின் உயிர்நாடி.

இவ்வாற்றல் மூன்று மாத மனப்பாடத்தால் வருவதன்று. இரப்பர்க் கன்றை நட்ட மறுநாளே பால் எடுக்க முடியுமா? ஐந்தாறு ஆண்டுகளேனும் காத்திருக்கிறோம் அல்லவா? கல்விக்கும் அதே பொறுமை வேண்டும்.

1. பதின்மூன்று வயது முதல்: நாள்தோறும் அரைமணி நேரம் செய்தித்தாள் அல்லது நூல் வாசித்தல். படித்ததன் சாரத்தை மூன்று வாக்கியங்களில் எழுதுதல். முதலில் தமிழில் எழுதலாம். பின்னர் ஆங்கிலத்திலும் எழுதிப் பழக வேண்டும்.

2. பதினைந்து வயது முதல்: ஒரு கருத்துக்குச் சார்பாகவும் எதிராகவும் காரணங்களை எழுதுதல். பட்டிமன்றத்திலும் பள்ளிச் சொற்போரிலும் பங்கேற்றல்.

3. தேர்வுக்கு முந்தைய ஆண்டு: கடிகாரத்தை வைத்துப் பயிற்சித் தாள்களுக்கு விடையளித்தல். ஒரு பகுதிக்கு ஏறத்தாழ எட்டு நிமிடங்களே கிடைக்கும். பிழையான விடை ஏன் பிழை என்பதைக் குறித்துவைத்தல். விதிகள் மாறக்கூடும் என்பதால், பல்கலைக்கழகத்தின் அவ்வாண்டு அறிவிப்பையும் பார்த்துக்கொள்க.

பெற்றோரே! உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிடினும் கவலை வேண்டாம். இரவு உணவின்போது, “இன்று என்ன படித்தாய்? எழுதியவர் சொன்னது சரிதானா? ஏன்?” என்று கேளுங்கள். பிள்ளை காரணம் கூறும்வரை பொறுமையுடன் செவிசாயுங்கள். அதற்குப் பணம் தேவையில்லை. பிள்ளை சட்டக் கல்லூரிக்குச் செல்லாமற் போனாலும், கையொப்பமிடும் முன் தாளைப் படித்துக் கேள்வி கேட்கும் மனிதராக வளரும். அந்த ஊதியம் நிச்சயமானது.

பயிற்சி வினா: “நல்ல தொழிலாளர் அனைவரும் நேரத்தோடு வருவர். முத்து நேரத்தோடு வருகிறார். ஆகவே முத்து நல்ல தொழிலாளர்.” இம்முடிவு சரியா? வீட்டில் கூடி ஆராய்க.