யார் கை வைத்தது?

எங்கள் கடையில் எல்லா பில்லிங் கம்ப்யூட்டர்களும் ஒரே மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில், ஒரே பாஸ்வேர்டில் இயங்குகின்றன. யாரோ பழைய பில்லைத் திருத்துகிறார்கள். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து என்று கண்டுபிடிக்க முடியுமா? — ஒரு வாசகர், ஈரோடு

முடியும். 'ஷோ பிராசஸ்லிஸ்ட்' கட்டளை கொடுங்கள். 'ஹோஸ்ட்' பத்தியில் ஒவ்வொரு இணைப்பின் ஐபி முகவரியும், முக்காற்புள்ளிக்குப் பின் போர்ட் எண்ணும் வரும். முகவரிக்குப் பதில் கம்ப்யூட்டரின் பெயர் தெரிந்தால் இன்னும் நல்லது.

ஆனால் இப்போது இணைப்பில் இருப்பவர்கள் மட்டுமே அதில் தெரிவார்கள். உங்கள் ஆசாமி திருத்திவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். எனவே பில் அட்டவணையில் ஒரு ட்ரிக்கர் எழுத புரோகிராமரிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு திருத்தத்தின்போதும் நேரத்தையும், இணைந்த கம்ப்யூட்டரின் முகவரியைக் காட்டும் 'யூசர்' ஃபங்ஷன் தரும் விடையையும் தனி அட்டவணையில் அது பதிய வேண்டும். 'கரன்ட் யூசர்' வேண்டாம். ட்ரிக்கருக்குள் அது ட்ரிக்கரை உருவாக்கியவர் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லும். பழி புரோகிராமர் தலையில் விழும், பாவம்!

ரவுட்டரில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நிலையான முகவரி ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் இன்று கவுன்டரில் இருக்கும் எண் நாளை குடோனுக்குப் போய்விடும். பில்லிங் பிரவுசர் வழியாக நடந்தால் இந்த வழி உதவாது. எல்லாத் திருத்தமும் வெப் சர்வரின் முகவரியிலேயே பதிவாகும். அப்போது முகவரியைக் குறிக்கும் வேலையை அந்த மென்பொருளிடமே கொடுக்க வேண்டும்.

அப்படியே ஆளுக்கொரு பாஸ்வேர்டும் கொடுத்துவிடுங்களேன்!