பாடம் 8: பழைய தலைநகர் சோஹார்

மாணவர்களே, ஓமானின் தலைநகர் எது? மஸ்கட். ஆனா ஒரு காலத்தில் அந்தப் பெருமை நம்ம சோஹாருக்கு இருந்தது!

10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மக்திசி என்ற அரபுப் பயணி, சோஹார்தான் ஓமானின் தலைநகர் என்று எழுதினார். ஊருக்குப் பின்னால் மலை. அங்கே செம்பு கிடைத்தது. முன்னால் கடல்; கப்பல்கள் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போயின. அதனால் ஊரில் செல்வம் சேர்ந்தது.

செல்வத்தைத் தேடி எதிரிகளும் வந்தார்கள். அதே நூற்றாண்டில் பாரசீகத்திலிருந்து வந்த படை ஊரை அழித்தது. 1507இல் போர்த்துக்கீசியர் பிடித்தார்கள். ஆனாலும் சோஹார் மறுபடி எழுந்தது.

ஊரிலிருந்து வந்த தாத்தாவுக்குப் பேத்தி கோட்டையைக் காட்டுகிறாள்:

தாத்தா: கோட்டை வெள்ளை வெளேர்னு இருக்கே!
பேத்தி: ஆமா தாத்தா. 1740களில் அகமது பின் சயீத் இங்க ஆளுநரா இருந்தார். அப்போ பாரசீகப் படை கோட்டையைச் சுத்தி மாசக்கணக்கா நின்னுது. அவர் விட்டுக்கொடுக்கலை.
தாத்தா: அப்படிச் சுத்தி நிக்கிறதுக்குப் பேர் முற்றுகைம்மா. அப்புறம்?
பேத்தி: பிறகு அவரே ஓமானை ஆண்டார். இப்ப இருக்கிற சுல்தானும் அவர் வம்சம்தான். உள்ளே அருங்காட்சியகம் இருக்கு, வாங்க!

இந்த ஊரின் பெயரில் ஒரு கப்பலும் உண்டு. பழைய முறைப்படி, ஆணி அடிக்காமல், பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்துக் கட்டினார்கள். மரம் மலபார் கரையிலிருந்து வந்தது. 1980இல் மஸ்கட்டிலிருந்து கிளம்பிய 'சோஹார்', கோழிக்கோடு, இலங்கை வழியாக 1981இல் சீனா போய்ச் சேர்ந்தது. இப்போது அது மஸ்கட்டில் ஒரு சாலை வட்டத்தின் நடுவே நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் பாருங்கள்.

தேங்காய் நாரை ஆங்கிலத்தில் 'காயர்' என்கிறார்கள். அது மலையாளத்தின் 'கயர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. நம்ம 'கயிறு' அதுக்குச் சொந்தம்! கப்பலோடு சொல்லும் கடல் கடந்திருக்கிறது.

இன்று சோஹார் தலைநகர் இல்லை. ஆனால் பெரிய துறைமுகம் இருக்கிறது. கப்பல்கள் இன்னும் வருகின்றன.

சொற்பொருள்
செம்பு – தாமிரம்
முற்றுகை – படை சுற்றி வளைத்து நிற்பது
வம்சம் – பரம்பரை

பயிற்சி
1. சோஹாரில் செல்வம் சேர இரண்டு காரணங்கள் எவை?
2. 'சோஹார்' கப்பலின் பலகைகளை எதனால் இணைத்தார்கள்?
3. பூம்புகார் சோழர்களின் துறைமுக நகரம். அதைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வாருங்கள்.
4. உங்கள் வீட்டுக்கு விருந்தினர் வந்தால் சோஹாரில் எதைக் காட்டுவீர்கள்? ஐந்து வாக்கியங்களில் பேசுங்கள்.