அரைப்பேரும் முழுப்பேரும்



கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள். அது அன்றைய சம்பளக் கணக்கு. ஆனால் நாம் ஆளையே அப்படி அளந்துவிடுகிறோம். "அவரு கடை முதலாளி, பெரிய ஆளு. நாம லயத்துச் சனந்தானே!" என்கிறோம். காசும் புகழும் இல்லாதவர் அரை மனிதரா? இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

நயினாதீவு நாகபூஷணி அம்மனைக் கும்பிட நம்மவர்கள் பலர் போயிருப்பீர்கள். யாழ்ப்பாணத்து பஸ் வேலணையைத் தாண்டி, கடல் நடுவே நீளும் பாதையில் புங்குடுதீவுக்குப் போகும். அங்கே குறிகட்டுவானில் படகேறுவோம். அந்தக் கடற்பாதைதான் வாணர் பாலம். அது இல்லாத காலத்தில் நோயாளியையும் வள்ளத்தில்தான் கொண்டுபோக வேண்டும். பாதை வேண்டுமென்று முன்னின்று பாடுபட்டவர்கள், பெரியவாணர், சின்னவாணர் என்று ஊரார் அழைத்த இருவர்.

புங்குடுதீவில் செல்வர்களும் இருந்தார்கள். கொழும்பிலும் மலைநாட்டிலும் கடை வைத்து, ஊரில் கல்வீடு கட்டினார்கள். 1983 ஜூலைக் கலவரத்தில் தமிழர் கடைகள் எரிந்தன. 1991-ல் போரினால் தீவு மக்களில் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தார்கள். பெரிய வீடுகள் பல பாழாயின. உழைத்துச் சேர்ப்பது குற்றமல்ல. ஆனால் மதிப்பு காசில்தான் இருக்கிறதென்றால், கடை எரிந்த அன்றே அந்த முதலாளி அரை மனிதராகிவிட்டாரா? இல்லையே!

சரி, புகழாவது மதிப்பைத் தருமா? வாணர்களின் பெயர் பாலத்தில் நிற்கிறது. கடலுக்குள் கல் சுமந்தவர்களின் பெயரை யார் சொல்கிறார்கள்? நம் பாட்டன் பூட்டன்மார் காடு வெட்டி, ரோட்டும் ரயில் பாதையும் போட்டார்கள். அவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்கே தெரியும்? பெயர் மறைந்தாலும் பாதை பாதைதான். அதில் ஊரே போய்வருகிறது.

ஆக, ஒருவரால் மற்றவர்க்கு என்ன நன்மை என்பதே அளவுகோல். சம்பளம் போதாதென்று கேட்பது நம் உரிமை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் சம்பளம் குறைவென்பதால் நாமும் குறைவென்று எண்ணக் கூடாது. "அப்பா என்ன வேலை?" என்று கேட்டால் நம் பிள்ளை தலைகுனியாமல் பதில் சொல்ல வேண்டும்.

சிந்திக்க: காசும் பேரும் இல்லாமலே நம் லயத்தாருக்கு உதவியவர் யார்? இன்று ராத்திரி பிள்ளைகளிடம் அவர் பெயரைச் சொல்லுங்கள். அவருக்கு முழுப்பேர் போடுவோம்.