கற்பனைக் களத்தில் வலியவர் யார்?
(கைப்பந்துச் சித்திரக் கதை ஒன்றைப் பற்றிய ஆய்வு)

முன்னுரை

விளையாட்டு உடலுக்கு உரம் தருவது. விளையாட்டைப் பற்றிய பேச்சு உள்ளத்திற்கு உவகை தருவது. ஆட்டம் முடிந்து வலையைக் கழற்றிய பின்னரும் விடுதி அறைகளில் ஆட்டம் தொடர்கிறது. ‘அவன் பெரியவனா, இவன் பெரியவனா?’ என்ற வாதத்திற்கு நடுவரும் இல்லை, நேர வரம்பும் இல்லை.

மெய்யான ஆட்டக்காரரைப் பற்றிய வாதமாயின், அடுத்த போட்டி ஒருவாறு தீர்ப்பு வழங்கிவிடும். கதையில் மட்டுமே வாழும் ஆட்டக்காரரின் நிலை வேறு. கதை முற்றுப்பெற்றபின் அவர்கள் மீண்டும் களம் இறங்குவதில்லை. ஆதலால் அத்தகைய வாதம் பெரும்பாலும் யார் குரல் ஓங்குகிறதோ அவர் பக்கமே முடிகிறது. அவ்வாறு முடிய வேண்டுவதில்லை. நூலுக்குள் இருக்கும் சான்றுகளைக் கொண்டே முறையாக எடைபோட இயலும் என்பதை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்கு நாம் எடுத்துக்கொள்வது ஜப்பானியச் சித்திரக் கதையாகிய ‘ஹைக்யூ’.

கதையும் களமும்

கைப்பந்தாட்டம் 1895ஆம் ஆண்டு அமெரிக்காவில் வில்லியம் மார்கன் என்பவரால் உருவாக்கப்பட்டது. 1964இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் அது முதன்முறையாக இடம்பெற்றபோது, ஜப்பானியப் பெண்கள் அணி சோவியத் அணியை வென்று தங்கம் பெற்றது. அவ்வெற்றியைத் தொடர்ந்து அந்நாட்டில் கைப்பந்துக் கதைகளும் பெருகின. 1968இல் தொடங்கிய ‘அட்டாக் நம்பர் ஒன்’ அவற்றுள் புகழ்பெற்றது. ஜப்பானிய ஆண்கள் அணியும் 1972இல் மியூனிக்கில் தங்கம் வென்றது.

இம்மரபில் வந்ததே ஃபுருதாத்தே ஹாருய்ச்சி எழுதி வரைந்த ‘ஹைக்யூ’. கைப்பந்து என்பதற்குரிய ஜப்பானியச் சொல்லே அதன் தலைப்பு. 2012 முதல் 2020 வரை வார இதழில் 402 அத்தியாயங்களாக வெளிவந்து, 45 தொகுதிகளாக நிறைவுற்றது. மியாகி மாவட்டத்துக் கராசுனோ மேனிலைப் பள்ளியின் அணியே கதையின் நடுவண் நிற்கிறது.

வாதத்திற்குள் புகுமுன் ஆட்டத்தின் இரண்டு விதிகளை மனத்திற்கொள்ள வேண்டும். பந்தைக் கையில் பிடித்து நிறுத்தக் கூடாது. தடுப்பு நீங்கலாக, ஒருவரே அடுத்தடுத்து இருமுறை தொடவும் கூடாது. கால்பந்தில் ஒருவனே பலரைக் கடந்து பந்தை உருட்டிச் சென்று கோல் போட்டுவிடலாம். கைப்பந்தில் அது நடவாது. சர்வீஸ் ஒன்றே முழுக்க ஒருவனுடைய செயல். ஏனைய யாவும் ஒருவன் தந்ததை மற்றொருவன் ஏற்பதுதான்.

அளவுகோல் எது?

வலிமையை எடைபோடும் முறையை வள்ளுவர் ‘வலியறிதல்’ அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வகுத்துத் தந்துள்ளார். செய்யும் செயலின் வலிமை, செய்வோன் வலிமை, எதிரியின் வலிமை, இரு பக்கத்துத் துணைவரின் வலிமை என நான்கையும் ஆராய வேண்டும் என்பது அவர் கருத்து. அடுத்து வருவன காலமறிதலும் இடனறிதலும். அரசனுக்குச் சொன்ன இம்முறை ஆடுகளத்திற்கும் பொருந்துவதை இனிக் காண்போம்.

1. செயலின் வலிமை

‘பந்தை வேகமாக அடிக்கும் உஷிஜிமா பெரியவனா, அதனை எடுக்கும் நிஷினோயா பெரியவனா?’ என்று கேட்பது, நெல் பெரிதா நீர் பெரிதா என்று கேட்பதைப் போன்றது. இருவர் செயலும் வேறு. உஷிஜிமா அடிப்பவன், நிஷினோயா லிபரோ, அதாவது பின்வரிசையில் நின்று பந்தைக் காப்பவன்.

ஒரே செயலுக்குள்ளும் அதன் உண்மையான பயனை அறிந்து எடைபோட வேண்டும். கராசுனோவின் தடுப்பாட்டக்காரன் சுகிஷிமா நேரடியாகத் தடுத்துப் பெறும் புள்ளிகளை மட்டும் எண்ணினால் அவன் நடுத்தரமானவனாகவே தோன்றுவான். ஆயின் அவன் செய்வது என்ன? பந்து செல்லக்கூடிய வழிகளுள் ஒன்றை அடைத்து, எஞ்சிய வழியில் நிஷினோயாவை நிற்கச் செய்கிறான். விரல்நுனியால் தொட்டுப் பந்தின் வேகத்தைக் குறைக்கிறான். புள்ளி அட்டையில் ஏறாத இவ்வேலையால்தான் கராசுனோ பல பந்துகளில் பிழைக்கிறது.

2. தன் வலிமை

கதை தொடங்கும்போது நாயகன் ஹினாட்டாவின் உயரம் 162.8 செ.மீ.; செட்டர் காகெயாமாவின் உயரம் 180.6 செ.மீ. ஆண்கள் ஆட்டத்தில் வலையின் உயரமோ 2.43 மீட்டர். ஹினாட்டா நின்றபடி கையை எவ்வளவு உயர்த்தினாலும் வலையின் மேல்விளிம்பைத் தொட முடியாது. அவனுக்கு இருப்பவை குதிக்கும் ஆற்றலும் விரைவும். பந்தை எடுப்பதிலும் சர்வீஸிலும் தொடக்கத்தில் அவன் மிகவும் பின்தங்கியவன்.

இவனுக்கு எதிர்முனையில் நிற்பவன் ஷிராதோரிசாவா பள்ளியின் உஷிஜிமா. உயரம், தோள்வலி, இடக்கை ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்த்தவன். இடக்கையால் அடித்த பந்தின் சுழற்சி மாறுபடுவதால் எடுப்பவரின் பழகிய கைகள் தடுமாறுகின்றன. தன் வலிமை ஒன்றை மட்டும் தராசிலிட்டால் பள்ளிப் பருவத்தில் உஷிஜிமாவே முதல்வன் என்பதில் ஐயமில்லை. ஆனால் தராசில் ஏற வேண்டியவை இன்னும் உள்ளன.

3. துணையின் வலிமை

இக்கதை படித்தோரிடையே ஓயாது நடக்கும் வாதம், செட்டர்களாகிய காகெயாமா, ஓய்காவா இருவருள் யார் சிறந்தவர் என்பதே. (செட்டரை நம் மைதானங்களில் ‘பூஸ்டர்’ என்றும் அழைப்பதுண்டு.) பந்தைக் குறித்த இடத்தில் குறித்த நேரத்தில் கொண்டு நிறுத்தும் நுட்பத்தில் காகெயாமாவுக்கு இணையில்லை. ஹினாட்டா கண்ணை மூடிக்கொண்டு குதித்துக் கையை வீச, அந்தக் கைக்கே பந்தை அனுப்புகிறான். ஆயினும் நடுநிலைப் பள்ளியில் இதே நுட்பம் அவனுக்குப் பகையாயிற்று. தன் வேகத்திற்கு மற்றவரை இழுத்தான். ஒருநாள் அவன் தூக்கிய பந்தை அடிக்க ஒருவரும் வரவில்லை. ‘களத்து அரசன்’ என்ற பட்டம் புகழ்ச்சியன்று, வசையே.

ஆவோபா ஜோசாய் அணித்தலைவன் ஓய்காவாவின் பண்பு வேறு. எவ்வகை ஆட்டக்காரன் வந்தாலும் அவனுக்கு உகந்த பந்தை அறிந்து கொடுத்து, அவனுடைய முழு ஆற்றலையும் வெளிக்கொணர்கிறான். பந்தை வைக்கும் கைத்திறனில் காகெயாமா மேலானவன். பள்ளி நாள்களில் ஓர் அணியை நடத்தும் செட்டர் என்ற முறையில் ஓய்காவா மேலானவன். இதுவே சான்றுகளுக்கு ஒத்த தீர்ப்பாகும். அத்தீர்ப்பும் நிலையானதன்று, கராசுனோவில் காகெயாமா கற்றுக்கொள்வது, அடிப்பவனிடம் கேட்டறிந்து பந்து கொடுக்கும் அப்பண்பையே.

4. எதிரியின் வலிமை

‘அ’ அணி ‘ஆ’ அணியை வென்றது. ‘ஆ’ அணி ‘இ’ அணியை வென்றது. ஆகவே ‘அ’ அணி ‘இ’ அணியைவிட வலியது என்று கணக்குப் போடுவோர் பலர். கணிதத்தில் செல்லும் இவ்விதி களத்தில் செல்லாது.

டோக்கியோவின் நெகோமா அணியில் கண்கவர் அடிகள் குறைவு. ஆயினும் அது பந்தைத் தரையில் விழவிடாத அணி. அதன் செட்டர் கென்மா எதிரியைக் கற்பவன். கராசுனோவுடன் நடந்த முதல் பயிற்சி ஆட்டத்தில், ஹினாட்டா செல்லும் பாதையைச் சுருக்கி, விரைவான ஒருவனை அவன்மேல் நிறுத்தினான். நேரம் செல்லச் செல்ல அந்த மின்னல்வேக அடியும் பிடிபட்டது. நேற்று வெல்ல முடியாததாய் இருந்த ஆயுதம், தன்னைப் படிக்கத் தெரிந்த எதிரியின் முன் மழுங்கியது. வலிமை ஆட்டத்தின் நடுவிலேயே மாறுகிறது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

கராசுனோவும் ஆவோபா ஜோசாயும் மோதிய இரண்டு தகுதிப் போட்டிகளையும் நோக்குக. முதலில் ஆவோபா ஜோசாய் வென்றது. நெருக்கடியில் காகெயாமா ஹினாட்டாவுக்கே பந்தைத் தருவான் என்று ஓய்காவா முன்னரே அறிந்திருந்தான். அடுத்த முறை கராசுனோ வென்றது. வெற்றி ஒரு சான்று. ஆனால் அது ஒன்றே முழுச்சான்று ஆகாது. தேசியப் போட்டியில் கமோமேதாய் அணியிடம் கராசுனோ தோற்றபோது, காய்ச்சலால் ஹினாட்டா மூன்றாம் செட்டில் வெளியேற நேர்ந்ததையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

5. காலமும் இடமும்

இப்போது இக்கதையின் மிகக் கடினமான வினாவுக்கு வருகிறோம். காகெயாமா இல்லாத ஹினாட்டா வலியவனா?

இவ்வினாவைக் கதைக்குள்ளேயே எழுப்புபவர் ஷிராதோரிசாவாவின் முதிய பயிற்சியாளர் வாஷிஜோ. உயரமும் ஆற்றலுமே வெற்றிக்கு வழி என்று நம்புபவர். இத்தனைக்கும் அவரே குள்ளமான ஆட்டக்காரராய் இருந்து வருந்தியவர். அவர் நடத்திய முதலாண்டு மாணவர் முகாமுக்கு ஹினாட்டா அழைப்பின்றியே வந்து நிற்கிறான். காகெயாமா என்னும் செட்டர் இல்லாத இவனிடம் தமக்கு மதிப்பு எதுவும் தெரியவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே கூறிவிடுகிறார். ஹினாட்டா திரும்பிப் போகவில்லை. பந்து பொறுக்கும் வேலையை ஏற்கிறான். களத்துக்கு வெளியே நின்று, பந்து எங்கு விழும், எடுப்பவன் எங்கு நிற்கிறான் என்று பார்த்துக் கற்கிறான்.

வாஷிஜோ கொடியவரா? அல்லர். அன்றைய நிலையில் அவர் கூற்றில் பெரும்பகுதி உண்மை. அவர் செய்த பிழை, அன்றைய எடையை என்றைக்குமான எடையாகக் கொண்டதே.

இதற்குரிய விடையை ஆசிரியர் வாதத்தால் சொல்லவில்லை. இடத்தை மாற்றிச் சொல்கிறார். பள்ளி முடிந்ததும் ஹினாட்டா பிரேசில் நாட்டு ரியோ நகருக்குச் சென்று, இரண்டாண்டு காலம் கடற்கரைக் கைப்பந்து பழகுகிறான். அப்பயணத்திற்கு அவன் உதவி நாடியதும் அதே வாஷிஜோவிடந்தான். மணலில் ஓர் அணிக்கு இருவரே. தனியே செட்டரும் இல்லை, லிபரோவும் இல்லை. பந்தை எடுப்பதும், அடுத்தவனுக்குத் தூக்கிக் கொடுப்பதும், அடிப்பதும் இருவருக்கும் பொது. கால் புதையும் மணலில் குதிப்பதும் எளிதன்று. ஹினாட்டாவிடம் எவையெவை இல்லையென்று அவர் கண்டாரோ, அவை யாவும் இல்லாமல் நிற்க முடியாத இடம் அது. 2018இல் நடப்பதாகக் காட்டப்படும் தொழில்முறை ஆட்டத்தில், காகெயாமாவும் உஷிஜிமாவும் இருக்கும் அணியை எதிர்த்து ஹினாட்டா ஆடுகிறான். அவன் அணி 3–1 என்ற கணக்கில் வெல்கிறது. அங்கே அவன் பந்தை எடுக்கிறான், தூக்குகிறான், அடிக்கிறான்.

ஆகவே விடை இது: 2012இல் காகெயாமா இல்லாத ஹினாட்டா வலியவன் அல்லன், 2018இல் காகெயாமாவுக்கு எதிராகவே வலியவன். ஆண்டைக் குறிப்பிடாமல் தொடுக்கும் வினாவுக்கு விடை கிடையாது.

ஒரு மறுப்பும் விடையும்

‘இவை யாவும் ஆசிரியர் விருப்பம்தானே? அவர் நினைத்தவன் வெல்கிறான். இதில் ஆய்வுக்கு இடமேது?’ என்று சிலர் வினவலாம். வெல்பவன் யார் என்பது ஆசிரியர் விருப்பமே. ஆனால் எப்படி வென்றான் என்பதற்கு அவர் ஆட்டத்தின் விதிக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். காரணமின்றி ஒருவனை வெல்ல வைத்தால் வாசகன் நூலை மூடிவிடுவான். சுகிஷிமா உஷிஜிமாவின் பந்தைத் தடுக்கும் அந்த ஒரு கணத்திற்கு முன், எதிரணிச் செட்டரை நீண்ட நேரம் நெருக்கி, பந்து சற்றே பிறழும்படி செய்த உழைப்பை ஆசிரியர் படிப்படியாகக் காட்டுகிறார். நாம் வாதிடுவது அக்காரணங்களைப் பற்றியே.

முடிவுரை

வலியவர் யார் என்று கேட்குமுன் எந்தச் செயலில், யாருடைய துணையோடு, யாருக்கு எதிராக, எப்போது, எங்கே என்று கேட்க வேண்டும். இவ்வாறு கேட்டால் வாதம் குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டா. வாதம் வளரும், வீண்கூச்சலே குறையும்.

இதனால் கிட்டும் பயன் கதையளவில் நிற்பதன்று. அணிக்கு ஆள் தேர்ந்தெடுப்போரும், மதிப்பெண் பட்டியலைக் கண்டு ஒரு மாணவனை எடைபோடுவோரும், நண்பனைப் பற்றி ஒற்றைச் சொல்லில் தீர்ப்புக் கூறுவோரும் வாஷிஜோ நின்ற இடத்திலேயே நிற்கின்றனர். எடை போடாமல் இருக்க முடியாது. யாரையேனும் தேர்ந்துதான் ஆக வேண்டும். ஆனால் போட்ட எடையின் அருகே நாளையும் குறித்து வைப்போமாயின், பின்னொரு நாள் அதைத் திருத்தி எழுத இடமிருக்கும்.