தலையில் பட்ட அடி குணத்தில் தெரியலாம்



மில்லில் ஷிப்ட் முடிந்து பைக்கில் திரும்பும்போது கீழே விழுந்தவர், சிகிச்சை முடிந்து வீடு வருகிறார். காயம் ஆறிவிட்டது, நன்றாக நடக்கிறார், பேசுகிறார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று நிம்மதி அடைகிறோம். சில வாரங்களில் பிள்ளைகள் சொல்கிறார்கள்: "அத்தா முன்ன மாதிரி இல்லம்மா."

நெற்றிக்குப் பின்னால் இருப்பது மூளையின் முன்பகுதி. கோபத்தை அடக்குவது, விளைவை யோசித்து முடிவெடுப்பது, பிறர் மனமறிந்து பேசுவது ஆகியவற்றில் அதற்குப் பெரும் பங்குண்டு. அங்கே அடிபட்டால் சிலர் சட்டென்று கொதிப்பார்கள். சம்பளத்தைக் கணக்கின்றிச் செலவழிப்பார்கள். சிலர் எதிலும் நாட்டமின்றி உட்கார்ந்திருப்பார்கள். இந்த மாற்றம் அவர்களுக்கே தெரியாமலும் இருக்கலாம். பேச்சு சரியாக இருப்பதால், 'வேண்டுமென்றே செய்கிறார்' என்று நாம் நினைத்துவிடுகிறோம்.

இதை மருத்துவ உலகுக்கு உணர்த்தியவர் ஒரு தொழிலாளி. 1848-ல் அமெரிக்காவில் ரயில் பாதைக்குப் பாறை உடைத்தபோது வெடிமருந்து வெடித்து, சுமார் 6 கிலோ இரும்புக் கம்பி பினியாஸ் கேஜ் என்பவரின் மண்டையைத் துளைத்துச் சென்றது. வயது 25. உயிர் பிழைத்தார். ஆனால் பொறுப்பான மேஸ்திரி, பொறுமையற்றவராக, மரியாதையின்றிப் பேசுபவராக மாறினார் என்று அவருடைய மருத்துவர் ஹார்லோ எழுதினார். பழைய வேலை கிடைக்கவில்லை. எனினும் பின்னாளில் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். ஒழுங்கான அன்றாட வேலை அவரை ஓரளவு மீட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து.

நாம் செய்ய வேண்டியவை:

1. மாற்றங்களைத் தேதியோடு குறித்து, நீங்களும் உடன் சென்று நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவரைத் தனியே அனுப்பினால் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடலாம்.

2. உணவு, உறக்கம், சிறு வேலைகளை ஐவேளைத் தொழுகை நேரங்களை ஒட்டி ஒழுங்குபடுத்துங்கள்.

3. பெரிய தொகை, கடன், கையெழுத்து ஆகியவற்றில் குடும்பத்தார் துணை நிற்கட்டும்.

4. கோபத்தில் எதிர்வாதம் வேண்டாம், பிறகு பேசுங்கள். கை ஓங்கினால் பிள்ளைகளோடு விலகிப் பாதுகாப்பாக இருங்கள்.

5. மன உளைச்சலுக்கு அரசின் 14416 எண்ணில் இலவச ஆலோசனை உண்டு, பராமரிப்பவரும் பேசலாம்.

குடும்பப் பிணக்கு ஜமாஅத்துக்கு வரும்போது, "தலையில் அடிபட்டதுண்டா?" என்றும் பெரியவர்கள் கேட்க வேண்டும். தலாக் வரை போகும் சண்டைக்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருக்கலாம்.

ஹெல்மெட்டை ஓட்டுபவரும், பின்னால் அமர்பவரும் அணியுங்கள். அது உயிரோடு குணத்தையும் காக்கும், இன்ஷா அல்லாஹ்.