ஏணிக்கும் ரேஸ் உண்டு

கேள்வி: அமெரிக்காவில் தீயணைப்புத் தொண்டர்கள் லாரியை மாற்றியமைத்துப் பந்தயம் விடுகிறார்களாமே, நிஜமா? இங்கே உண்டா?
– ஒரு வாசகர், கேம்ப், புனே

பதில்: நிஜம்தான். நியூயார்க் மாநிலத்தில், குறிப்பாக லாங் ஐலண்டில், சம்பளம் வாங்காத தீயணைப்பு வீரர்களின் பழைய பித்து இது. சென்ட்ரல் ஐஸ்லிப் ஹோபோஸ், வெஸ்ட் சேவில் ஃப்ளையிங் டச்மென் என்று அணிகளின் பெயரே அமர்க்களம். ஏணிப் போட்டியைப் பார்க்க வேண்டும்: வண்டி சீறி வரும், பின்னால் தொற்றி நிற்பவர்கள் ஏணியோடு குதிப்பார்கள், அது நிமிர்ந்து சாய்வதற்குள் ஒருவர் பாதி ஏறியிருப்பார். உச்சியைத் தொட்டதும் கடிகாரம் நிற்கும். எல்லாம் சில விநாடிகள்! வாளி வாளியாகக் கைமாற்றிப் பீப்பாயை நிரப்பும் போட்டியும் உண்டு. எனக்கு அதுதான் பிடிக்கும். எஞ்சினுக்கு அங்கே வேலையில்லை.

நம் பக்கம் இந்த லாரி ரேஸ் வழக்கமில்லை. 1944 பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் இறந்த வீரர்களின் நினைவாக, ஏப்ரல் 14 முதல் தீத்தொண்டு வாரத்தில் ஒத்திகைகள் செய்து காட்டுவார்கள். உங்கள் கேம்பில் கன்டோன்மென்ட் போர்டுக்கே தனித் தீயணைப்புப் பிரிவு உண்டு, அவர்கள் சம்பளக்காரர்கள். 2021 மார்ச் 26 இரவு ஃபேஷன் ஸ்ட்ரீட்டில் நூற்றுக்கணக்கான கடைகள் எரிந்தது நினைவிருக்கும். கடைகள் நெருக்கியடிக்கும் அப்படிப்பட்ட சந்துகளில் எந்த ரேஸ் வண்டியும் முனையோடு நிற்க வேண்டியதுதான்; குழாயை இழுத்துக்கொண்டு ஆள்தான் ஓட வேண்டும்.