'அனுப்பியாச்சு' என்றால் போய்ச் சேர்ந்ததா?

இரண்டு சர்வர்களுக்கு இடையே ஒரு கோப்பை சாக்கெட் வழியாக எப்படி அனுப்புவது என்று இந்த முறை பார்ப்போம். பாடத்துக்கு முன்னாடி நான் பட்ட பாட்டைச் சொல்லிடறேன்.

போன செமஸ்டர் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, வெப்பநிலை சென்சார் ஒன்றை வைத்து 14 நாள் அளவெடுத்தோம். நாளுக்கு ஒரு கோப்பு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 40 கிலோபைட். அவற்றை ஆய்வுக்கூட சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு மாற்ற வேண்டும். "நானே பைத்தானில் எழுதிடறேன்" என்று வீறாப்பாகச் சொன்னேன். என் மடிக்கணினியில் ஒரு சின்னக் கோப்பை வைத்துச் சோதித்தேன். சரியாகப் போனது. அன்று ராத்திரியே 14 கோப்புகளையும் அனுப்பினேன். திரையில் 14 தடவை 'அனுப்பியாச்சு' என்று வந்தது. மூலக் கோப்புகளை அழித்துவிட்டேன்.

மறுநாள் திறந்து பார்த்தால், கோப்புகள் பாதியிலேயே நின்றிருந்தன. இன்னும் இரண்டு வாரம் உட்கார்ந்து மறுபடியும் அளவெடுத்தோம். நண்பர்கள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றுதான் இருந்தது.

சரி, எங்கே தப்பு?

சாக்கெட் என்பது என்ன?

அடுக்குமாடி வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஐபி முகவரி என்பது புளோக் எண் மாதிரி. போர்ட் என்பது வீட்டு எண் மாதிரி. 0 முதல் 65535 வரை இருக்கும். பெறும் சர்வர் ஒரு போர்ட்டில் காத்திருக்கும். அனுப்பும் சர்வர் வந்து கதவைத் தட்டும். கதவு திறந்ததும் இரண்டுக்கும் நடுவே டிசிபி இணைப்பு உண்டாகும். அந்த இணைப்பின் ஒவ்வொரு முனையும் ஒரு சாக்கெட்.

டிசிபி ஒரு குழாய்

குழாயின் இந்தப் பக்கம் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றினால், அந்தப் பக்கம் பத்துக் குடமாகவா வரும்? தண்ணீராகத்தான் வரும். டிசிபியும் அப்படித்தான். பைட்டுகளின் வரிசையை மாற்றாமல் கொண்டுபோகும். ஆனால் ஒரு கோப்பு எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது.

ரிசீவ் கட்டளையில் 4096 என்று எழுதினால், 'அதிகபட்சம் 4096 பைட் கொடு' என்றுதான் அர்த்தம். நானோ, அதற்குக் குறைவாக வந்தால் கோப்பு முடிந்தது என்று எழுதி வைத்திருந்தேன். நெட்வொர்க்கில் தரவு சின்னச் சின்ன பாக்கெட்டுகளாக வரும். ஈதர்நெட்டில் ஒன்று வழக்கமாக 1500 பைட்டைத் தாண்டாது. அந்த நேரத்தில் வந்து சேர்ந்தது எவ்வளவோ அவ்வளவுதான் ரிசீவ் கொடுக்கும். சோதித்த கோப்பு ஒரே மூச்சில் வந்ததால் என் தப்பு வெளியே தெரியவில்லை.

அப்புறம் ஏன் 'அனுப்பியாச்சு' என்று வந்தது? சென்ட்ஆல் பிழையில்லாமல் முடிந்தால், தரவை நம் கணினியின் இயங்குதளத்திடம் ஒப்படைத்தாகிவிட்டது என்று மட்டுமே பொருள். கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்ட மாதிரி. அந்தப் பக்கம் வாங்கிப் படித்தார்களா என்பது வேறு கதை.

சரியான முறை

1. முதலில் கோப்பின் அளவை 8 பைட் எண்ணாக அனுப்புங்கள். பெறுபவர் அந்த 8 பைட்டும் முழுசா வரும்வரை படிக்க வேண்டும்.

2. அதற்குப் பிறகு அத்தனை பைட்டும் வந்து சேரும்வரை ரிசீவை லூப்பில் ஓட விடுங்கள். நடுவில் வெறும் பைட் வந்தால் எதிர்ப்பக்கம் இணைப்பை மூடிவிட்டது என்று பொருள். அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

3. வர வர வட்டில் எழுதுங்கள். பெரிய கோப்பை முழுசா நினைவகத்தில் ஏற்ற வேண்டாம். தற்காலிகப் பெயரில் எழுதி, முழுசா வந்ததும் உண்மைப் பெயரை வையுங்கள்.

4. இரண்டு பக்கமும் எஸ்ஹெச்ஏ-256 கணக்கிட்டு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பெறுபவர் 'கிடைத்தது' என்று பதில் அனுப்பட்டும். அந்தப் பதில் வந்த பிறகுதான் மூலத்தை அழிக்கலாம்.

டிசிபியே தொலைந்த பாக்கெட்டைத் திருப்பி அனுப்புமே, நாலாவது படி எதற்கு என்று கேட்கலாம். டிசிபியின் காவல் இரண்டு சாக்கெட்டுகளுக்கு நடுவில் மட்டும்தான். வட்டில் எழுதும்போது வரும் கோளாறோ, என்னைப் போன்றவர்கள் எழுதிய நிரலோ அதன் கைக்கு எட்டாது. சால்ட்சர், ரீட், கிளார்க் ஆகிய மூவர் 1984-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் சொல்கிறது. அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் உதாரணமே கோப்பு மாற்றம்தான். நடுவில் எத்தனை காவல் இருந்தாலும், கடைசிச் சரிபார்ப்பை இரு முனைகளும்தான் செய்ய வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

இன்னொன்று: வெறும் டிசிபி எதையும் மறைத்து அனுப்பாது. அதனால் உண்மையான வேலைக்கு எஸ்எஸ்ஹெச் வழியாக ஓடும் எஸ்எஃப்டிபி அல்லது ஆர்சிங்க் பயன்படுத்துங்கள். சொந்தமாக எழுதிப் பார்ப்பது, உள்ளே என்ன நடக்கிறது என்று கற்றுக்கொள்ள.

செய்து பாருங்கள்: உங்கள் கணினியில் இரண்டு டெர்மினல் திறந்து, ஒரு பெரிய கோப்பை அனுப்புங்கள். போய்க்கொண்டிருக்கும்போதே அனுப்பும் நிரலை நிறுத்துங்கள். பெறும் நிரல் 'பிழை' என்று சொல்கிறதா, இல்லை 'முடிந்தது' என்று சொல்கிறதா? 'முடிந்தது' என்று சொன்னால், இன்றே திருத்திவிடுங்கள். அதுவரை மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள்.